கைபடாத பானம்

ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதியில் இருந்த அந்த வீட்டுக்குள் வெளியே சமைத்த பண்டம் எதுவும் நுழைவதில்லை. தலைமுறைகளாக அங்கே இருந்துவரும் சாளக்கிராமத்துக்குத் தினமும் விடியுமுன்பே திருவாராதனம் செய்கிறவன் மதுசூதன். அந்தப் பூஜையைச் செய்கிறவன் பிறர் சமைத்ததை உண்ணக் கூடாது என்பது அவன் அம்மா வேதவதியின் விதி. பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே பூஜைப் பொறுப்பு அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்துவிட்டது. விதியும் அதோடு சேர்ந்து வந்தது. முப்பது வயதைக் கடந்து, கல்யாணமாகி, ஒரு பெண்ணுக்குத் தகப்பனான பிறகும் அவன் அதை மீறியதில்லை.

தில்லைநகரில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் அவன் இயற்பியல் ஆசிரியர். விடியற்காலையில் ஒரு வகுப்பு, பள்ளிகள் விட்ட பிறகு இரண்டு, நடுவே வினாத்தாள் வேலை. மதியம் மட்டும் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். மற்ற வேளைகளில் ஹோட்டல் இட்லி இல்லை, டீக்கடை இல்லை, சக ஆசிரியர்கள் நீட்டும் டிபன் பாக்ஸும் இல்லை. பசியும் தூக்கமும் சேர்ந்து வாட்டிய அந்த இடைவெளிக்குள்தான் எனர்ஜி டிரிங்க் புகுந்தது.

முதல் டின் வீட்டுக்கு வந்த நாள் கோதாவுக்கு நினைவிருக்கிறது. அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வேதவதி டின்னை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதை யார் பண்றா?”

“மெஷின்மா. மெஷினே நிரப்பி, மெஷினே மூடறது.”

“பால் கலந்திருக்கா?”

“இல்லை. தண்ணி, சர்க்கரை, காஃபின், ஏதோ வைட்டமின்.”

“காப்பியில இருக்கறதுதானே அது?” வேதவதி சற்று யோசித்தாள். அவள் யோசித்தது அதன் உள்ளே இருந்த பொருளைப் பற்றி அல்ல. அதைத் தொட்டவர்களைப் பற்றி. “கைபடாததுன்னா தோஷமில்லை. சோடா மாதிரிதான். ஆனா வாய் வச்சுக் குடிக்காதே. தூக்கிக் குடி.”

அன்றிலிருந்து மதுசூதன் தூக்கியே குடித்தான். பயிற்சி மையத்தில் அவனுடைய நண்பன், வேதியியல் ஆசிரியர் ஸ்டீபன்ராஜ், அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பான். “மது, நீ குடிக்கிற மாதிரி குடிச்சா அது டின் இல்லப்பா, கமண்டலம்.” நாளொன்றுக்கு ஒன்றாக இருந்தது, ஓராண்டுக்குள் இரண்டாகி, தேர்வு நெருங்கும் மாதங்களில் மூன்றாகியது. அம்மா மண்டபம் சாலையில் கடை வைத்திருந்த அப்துல் ரஹீமிடம் சொல்லி வேதவதியே மொத்தமாக ஒரு பெட்டி வாங்கி வைக்கத் தொடங்கினாள். பிள்ளை வெளியே கண்டதைத் தின்னாமல் இருக்கிறான் என்பது அவளுக்குப் பெரிய நிம்மதி.

நிம்மதி கெட்டவள் கோதா. அவன் தூக்கம் சுருங்கியது. கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் அவன் விரல்கள் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. சாக்பீஸ் பிடிக்கும் கையில் லேசான நடுக்கம். சில சமயம் பேச்சை நிறுத்திவிட்டு, உள்ளே யாரோ கதவைத் தட்டியதைக் கேட்பவன்போல நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“தூக்கம் வரதுன்னு இதைக் குடிக்கறே. இதைக் குடிக்கறதால ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கறது. அதனால காலையில தூக்கம் வரது. இதுக்கு என்ன ஃபார்முலா சார்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“நின்னுபோகாம தானே ஓடற இயந்திரம்டி இது. இத்தனை நாளா யாராலயும் கண்டுபிடிக்க முடியலை. எனக்கு நோபல் பரிசு குடுப்பா.”

“குடுக்கறச்சே வாங்கிக்க ஆள் இருக்கணும்.”

தளிகையறை அடுப்பருகிலிருந்து வேதவதியின் குரல் வந்தது. “அவன் என்ன, கடையில நின்னு பஜ்ஜியா திங்கறான்? கைபடாததைத்தானே குடிக்கறான். விடேன் கோதா.”

மார்கழி பிறந்த இரண்டாவது வாரம், காலை வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பிய மதுசூதன் அப்படியே சரிந்து விழுந்தான். ஒரு நிமிடத்துக்குள் தானே எழுந்து உட்கார்ந்து, “எந்த ஸ்டெப்ல விட்டேன்?” என்று மாணவர்களைக் கேட்டானாம். ஸ்டீபன்ராஜ் அதைக் காதில் வாங்காமல் அவனை ஆட்டோவில் ஏற்றி, புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போன் செய்தான்.

இதய நோய் மருத்துவர் ஷெர்லின் நிதானமாகப் பேசுகிற பெண். கோதாவின் வயதுதான் இருக்கும். ஈசிஜி காகிதத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஒரு நாளைக்கு எத்தனை டின் சார்?”

“ஒண்ணு… ரெண்டு.”

“மூணு,” என்றாள் கோதா.

“பரீட்சை சீசன்ல மட்டும் மூணு.”

“காலையில என்ன சாப்பிடுவீங்க?”

மதுசூதன் சிரித்தான். “அதைத்தான்.”

ஷெர்லின் சிரிக்கவில்லை. “நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்க எப்பவாவது ஒண்ணு குடிச்சா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. தினமும், வெறும் வயித்துல, மூணுன்னா அது பழக்கம் இல்ல, தண்டனை. தூக்கம் போகும், பிரஷர் ஏறும், துடிப்பு தாறுமாறாகும். அது ஒரு பக்கம். இன்னொண்ணு இருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக ஒரு நேரம் எடுத்துக்கும். உங்களுக்கு அந்த நேரம் கொஞ்சம் நீளமா இருக்கு. இந்த டின்னால இருக்கலாம், பட்டினியால இருக்கலாம். பிறவியிலேயே இருந்தா, அதுதான் ஆபத்து. குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?”

கேள்வி மதுசூதனிடம் கேட்கப்பட்டது. பதில் வேதவதியிடமிருந்து வந்தது.

“எங்காத்துல அந்த மாதிரி யாரும் இல்லை டாக்டர்.”

அவள் பொய் சொல்லவில்லை. கோதாவுக்கு அது தெரியும். மதுசூதனின் அப்பா சௌரிராஜன் நாற்பதைத் தாண்டிய மறு ஆண்டு, ஒரு வைகுண்ட ஏகாதசியன்று, முந்தின நாளிலிருந்து நீரும் அருந்தாமல் விரதமிருந்து, பெருமாள் எழுந்தருளிய பின்னாலேயே பரமபத வாசலைக் கடந்து, மணல்வெளியில் கூப்பிய கையோடு சாய்ந்தார். வைகுண்டத்தின் கதவு திறந்திருக்கும் நாளில், அந்தக் கதவைக் கடந்த கணத்தில் போய்ச்சேர்வது கோடியில் ஒருவருக்குக் கிடைக்கும் பேறு என்று ஊர் சொன்னது. கணவரின் அலுவலகத்திலேயே வாரிசு வேலைக்குச் சேர்ந்து, ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற இளம்பெண்ணுக்கு அந்தச் சொல்லைத் தவிரப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை. ஆண்டுதோறும் அதே நாளில் தெருக்காரர்கள் வந்து அவளை வணங்கிவிட்டுப் போனார்கள். சௌரிராஜன் இறந்தார் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. திருவடி சேர்ந்தார் என்றுதான் சொல்வார்கள். கிடைத்த வரத்தை நோயின் கணக்கில் சேர்க்க வேதவதிக்கு எப்படித் தோன்றும்?

கோதாவுக்குத் தோன்றியது. தொண்டைவரை வந்தது. ஆனால் வேற்று மனுஷியின் முன்னால் மாமியாரின் வார்த்தையை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. மதுசூதன் தன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தான். ஷெர்லின் ஏதோ எழுதி முடித்தாள்.

“அப்ப பெரும்பாலும் பழக்கத்தால வந்ததுன்னு எடுத்துக்கலாம். டின்னை இன்னையோட நிறுத்துங்க. வேளைக்குச் சாப்பிடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, திரும்ப எடுத்துப் பார்ப்போம். அப்பவும் நீளமா இருந்தா வேற மாதிரி யோசிக்கணும்.”

வீடு திரும்பிய மறுநாள், வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வேதவதியின் எதிரில் கோதா உட்கார்ந்தாள்.

“அம்மா, அப்பா விஷயத்தை டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணுமோன்னு தோண்றது.”

“எந்த விஷயம்?”

“அவரும் சின்ன வயசுதானே. திடீர்னுதானே…”

அரிவாள்மணையில் கை நின்றது. “அவரைப் பெருமாள் கூட்டிண்டு போனார். நீ அதை வியாதிங்கறியா?”

“நான் அப்படிச் சொல்லலைம்மா. டாக்டர் காதுல போட்டு வச்சா…”

“அந்தப் பொண்ணுக்குப் பரமபத வாசல்னா என்னன்னு தெரியுமா? ஹார்ட்டுன்னு ஒரு வார்த்தை எழுதிடுவா. அதோட எல்லாம் முடிஞ்சு போயிடும். இத்தனை வருஷமா நான் எதைப் பிடிச்சிண்டு நிக்கறேன்னு உனக்குத் தெரியாதாடி?”

கோபமாகத் தொடங்கிய குரல் கடைசிச் சொல்லில் கெஞ்சலாகிவிட்டிருந்தது. மதுசூதன்தான் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, ஒரு வாழைக்காய்த் துண்டை எடுத்து உருட்டிக்கொண்டே, “அடுத்த தடவை போறச்சே நானே சொல்றேன். சரியா?” என்றான்.

“ரெண்டு வாரம்னா அடுத்ததுக்கு அடுத்த வியாழன்,” என்றாள் கோதா.

“அது ஏகாதசிக்கு முதல் நாள்டி. ஸ்பெஷல் கிளாஸ் வேற. ஒரு வாரம் தள்ளிப் போயிக்கலாம்.”

டின்கள் நின்றன. மீதமிருந்த பெட்டியை வேதவதியே பரணில் ஏற்றினாள். முதல் சில நாட்கள் அவனுக்கு மண்டையைப் பிளக்கும் வலி; ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தான். ஐந்து வயது வகுளா, “அப்பாவுக்கு எக்ஸாமா?” என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாள். பிறகு, வலி மெல்ல விட்டது. வேதவதி முன்பைவிடச் சீக்கிரமாக எழுந்து, நீராடி, இரண்டு டப்பாக்களில் தயிர்சாதமும் புளியோதரையும் கட்டிக் கொடுத்தாள். “இத்தனை வருஷம் இது ஏன் நமக்குத் தோணலை?” என்று அவளே ஆச்சரியப்பட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுசூதன் வெயில் ஏறும்வரை தூங்கினான். வகுளா அவன் உள்ளங்காலில் ஸ்கெட்ச் பேனாவால் முகம் வரைந்து, அவன் எழுந்து நடந்தபோது தரையெல்லாம் பாதி முகம் பதிந்ததைப் பார்த்து வீடே சிரித்தது. சிரிப்பில் கோதாவும் சேர்ந்துகொண்டாள். சௌரிராஜனைப் பற்றிய எண்ணம் அந்த நாட்களில் அவளிடம் சற்றே தளர்ந்துவிட்டது. பழக்கம் போயிற்று, பிரச்சினையும் போயிற்று என்று நம்புவது எளிதாக இருந்தது.

வைகுண்ட ஏகாதசி வந்தது. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பள்ளிகள் மூடியிருப்பதால் பயிற்சி மையம் அன்று முழுநாள் சிறப்பு வகுப்பு வைத்தது. ஏகாதசியில் அன்னம் கிடையாது. மற்ற ஏகாதசிகளில் மதுசூதன் பாலும் பழமும் எடுத்துக்கொள்வான். இந்த ஒன்றில் மட்டும், அப்பாவின் நாள் என்பதால், தண்ணீரைத் தவிர எதுவும் தொடமாட்டான். விடியுமுன்பே கூட்டத்தில் நின்று சேவித்துவிட்டு அவன் வீடு வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“ஒரு டம்ளர் பாலாவது குடிச்சுட்டுப் போ,” என்றாள் கோதா. அவள் வகுளாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“அப்பா நாள்டி.”

“டாக்டர் வேளைக்குச் சாப்பிடச் சொன்னாளே.”

“நாளைக்குத் துவாதசி. ரெண்டு நாளைக்கும் சேர்த்துச் சாப்பிடறேன்.”

வேதவதி மகனின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு டின்னை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவன் பையில் வைத்தாள்.

“அன்னமும் இல்லை, கைபட்டதும் இல்லை. நாள் பூரா நின்னுண்டு கத்தணும். மயக்கம் வந்துடுத்துன்னா? ஒரு வாய் குடிச்சுக்கோ.”

“அம்மா, அதைத்தானே நிறுத்தச் சொன்னா?”

“தினம் குடிக்கப்படாதுன்னுதான் சொன்னா. எப்பவாவது ஒண்ணு குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு அவ வாயாலயே சொல்லலையா? நீயும்தானே கேட்டுண்டிருந்தே.”

அது உண்மைதான். ஷெர்லின் அப்படிச் சொல்லியிருந்தாள்; அந்தச் சொற்களுக்கு முன்னால் இருந்த ‘நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்க’ என்ற நிபந்தனையை மட்டும் வேதவதி விட்டுவிட்டாள். அந்த நிபந்தனைக்குள் தன் பிள்ளை அடங்குவானா என்று சொல்லக்கூடிய ஒரே செய்தியும் அவளிடம்தான் இருந்தது.

மதுசூதன் பையைத் தோளில் மாட்டினான். “நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா, நான் ரெண்டு டின் குடிக்க வேண்டியிருக்கும்.” வகுளாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு இறங்கிப் போனான். எழுந்துபோய்ப் பையைப் பிடுங்கியிருக்கலாம். கோதாவின் கைகளில் பாதி பின்னிய ஜடை இருந்தது.

மதியச் சாப்பாட்டு வேளை தாண்டியிருக்கும். ஸ்டீபன்ராஜின் போன் வந்தது. “சிஸ்டர், அம்மாவையும் கூட்டிட்டு உடனே வாங்க,” என்றான். எங்கே என்றுகூடச் சொல்லவில்லை; முன்பு போன அதே புத்தூர் மருத்துவமனைதான் என்று கோதாவுக்குப் புரிந்தது.

அவர்கள் போய்ச்சேர்ந்தபோது முடிந்துவிட்டிருந்தது. அவசரப் பிரிவின் வெளியே ஸ்டீபன்ராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“நல்லாத்தான் இருந்தாரு சிஸ்டர். காலையில வீட்லேருந்து கொண்டுவந்ததைக் குடிச்சாரு. மத்தியானம் ஸ்டாஃப் ரூம் ஃபிரிட்ஜ்லேருந்து இன்னொண்ணு எடுத்தாரு. ‘என்னப்பா, டாக்டர் போட்ட தடை உத்தரவு என்னாச்சு?’ன்னு கேட்டேன். ‘இன்னைக்கு எங்க வீட்ல பெர்மிஷன் உண்டு’ன்னு சிரிச்சாரு. உள்ள போயி போர்டுல எழுத ஆரம்பிச்சாரு. பசங்க நோட்ல பாதி எழுதிட்டிருக்காங்க, திரும்பிப் பார்த்தா…”

வேதவதி அந்தச் சொல்லைக் கேட்டாள். பெர்மிஷன். அது அவளைத் தைத்ததை அவள் முகத்தில் கோதா பார்த்தாள், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மாடியிலிருந்து இறங்கிவந்த ஷெர்லின், கோதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “குழந்தை இருக்கா?” என்று கேட்டாள்.

“ஒரு பொண்ணு. அஞ்சு வயசு.”

“எல்லாம் முடிஞ்சதும் அவளைக் கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க.”

சாயங்காலம் வீடு நிறைந்திருந்தது. தெரு முழுக்கப் பரமபத வாசலுக்குப் போய்த் திரும்புகிறவர்களின் கூட்டம். அதைப் பிளந்துகொண்டுதான் அவனைக் கொண்டுவர வேண்டியிருந்தது. எதிர்வீட்டு வீரராகவன் மாமா, சௌரிராஜனையும் மணல்வெளியிலிருந்து தூக்கி வந்தவர்களில் ஒருவர். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர் வேதவதியின் முன்னால் வந்து நின்றார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார்.

“அழாதே வேதா. அப்பாவும் பிள்ளையும் ஒரே திருநாள்ல. எத்தனை ஜன்மத்துப் பாக்கியம் இது! யாருக்குக் கிடைக்கும்?”

அவர் கைகூப்பினார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கூப்பினார்கள். ஆண்டுதோறும் இதே நாளில், இதே முற்றத்தில், வேதவதி அந்தக் கைகளுக்குப் பதிலாகத் தன் கைகளைக் கூப்பித் தலைகுனிவாள். இப்போது அவள் கைகள் மடியிலேயே கிடந்தன.

“அவன் கிளாஸ் ரூம்ல விழுந்தான் மாமா. வாசல்ல இல்லை.”

“எங்கே இருந்தா என்னம்மா, நாள் அதுதானே.”

“அவன் பையில நான்தான் வச்சேன்.”

“என்னத்தைம்மா?”

துக்கத்தில் வரும் பிதற்றல் என்று எண்ணி மாமா விலகிப்போனார்.

காரியங்கள் நடந்த நாட்களில் இரு பெண்களும் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. வெறுப்பு என்று கோதாவால் அதைச் சொல்ல முடியவில்லை. வெறுக்கத் தொடங்கும்போதெல்லாம் மருத்துவரின் அறையும், தான் திறக்காமல் வைத்திருந்த வாயும் நினைவுக்கு வந்து அவளை நிறுத்தின. சாளக்கிராமத்துக்கு வீரராகவன் மாமாவின் பிள்ளை வந்து பூஜை செய்துவிட்டுப் போனான்.

பதின்மூன்றாம் நாள் கழிந்த மறுநாள், கோதா வகுளாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வேதவதி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“நானும் வரேன்.”

“நானே சொல்லிக்கறேன்மா. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.”

“உனக்குத் தெரியாதது இருக்கு,” என்றாள் வேதவதி.

பஸ்ஸில் வகுளா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். பாலத்தில் ஏறியதும் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பாட்டியிடம் கேட்டாள். வேதவதி ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

ஷெர்லின் அதே கேள்வியை, அதே சொற்களில் கேட்டாள். கோதா வாயைத் திறப்பதற்கு முன் வேதவதி பேசினாள்.

“எங்காத்துக்காரர் நாப்பத்தொரு வயசுல செத்துப்போனார்.”

மற்ற வீடுகளில் அன்றாடம் புழங்குகிற சாதாரணச் சொல் அது. சௌரிராஜனின் பெயரோடு சேர்த்து அந்தச் சொல்லைக் கோதா ஒருநாளும் கேட்டதில்லை. வேதவதியும் சொன்னதில்லை, ஆகவே, சொல்லி முடித்த பிறகு, அடுத்த மூச்சுக்காக அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“எப்படிம்மா?”

“நின்னுண்டிருந்தவர் விழுந்தார். முதல் நாள்லேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை.”

“அதுக்கு முன்னாடி எப்பவாவது மயக்கம்?”

“ரெண்டு மூணு தடவை. ஒரு தடவை, தூங்கிண்டிருந்தவர் பக்கத்துல அலாரம் அடிச்சப்போ. விரதம் இருக்கற உடம்பு, தளர்ச்சின்னு நினைச்சோம். டாக்டர்கிட்ட போகணும்னே தோணலை.”

“அவர் பக்கத்துல வேற யாராவது?”

வேதவதி வகுளாவைப் பார்த்தாள். குழந்தை எடை பார்க்கும் கருவிமேல் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தது.

“அவரோட தங்கை. பதினாறு வயசு. நான் அந்தாத்துக்குள்ள வரதுக்கு முன்னாடி. ஆடிப் பெருக்கன்னிக்கு அம்மா மண்டபத்துல குளிக்கப் போனவ. காவேரி தன் பொண்ணைத் தானே எடுத்துண்டுட்டான்னு என் மாமியார் சொல்லுவா. வருஷா வருஷம் அன்னிக்கு ஆத்துல பூ விடுவா.”

“தண்ணி அதிகமா?”

“தெரியலை. ஆனா நன்னா நீந்தறவ. எதிர்த்து நீந்துவாளாம்.”

ஷெர்லின் எழுதுவதை நிறுத்தினாள். அவள் முகம் மாறியதைப் பார்த்த கோதாவுக்கு, அந்த வீட்டில் தெய்வம் வந்து அழைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் வரிசையாக இந்தச் சிறிய அறைக்குள் வந்து, காகிதத்தில் பெயர் எழுதிக்கொள்ளக் காத்திருப்பதாகத் தோன்றியது.

“சிலருக்குப் பிறவியிலேயே வர்றது இது,” என்றாள் ஷெர்லின் மெல்ல. “வழிவழியா வரும். மத்த நேரத்துல ஒண்ணுமே தெரியாது. நீச்சல், திடீர்ச் சத்தம், நீண்ட பட்டினி, அந்த டின் மாதிரி துடிப்பைக் கிளறிவிடுற ஏதாவது… இதுல ஒண்ணு போதும். சில சமயம் ரெண்டு சேர்ந்துடும்.”

வகுளாவைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நெஞ்சில் பசையைத் தடவி ஒட்டும்போது அவள் நெளிந்து நெளிந்து சிரித்தாள்.

“கூசறது அத்தை!”

“சிரிச்சா படம் கலைஞ்சு போயிடும் தங்கம். சிலை மாதிரி இரு பார்ப்போம்,” என்றாள் நர்ஸ் லூர்துராணி.

வகுளா கண்ணை இறுக மூடிக்கொண்டு சிலையானாள். காகிதம் மெல்ல வெளியே வந்தது. ஷெர்லின் அதை விளக்கின் கீழே வைத்து, சிறிய அளவுகோலால் ஓர் இடத்தை அளந்தாள். பிறகு வேறோர் இடத்தை. பிறகு முதலில் அளந்ததையே மறுபடியும்.

“இவளுக்கும் இருக்கு,” என்றாள். “ஆனா இப்பவே தெரிஞ்சிடுச்சு. அது பெரிய விஷயம். இன்னும் சில டெஸ்ட் பண்ணணும். தினமும் மாத்திரை, விடாம. நான் சொல்ற வரைக்கும் நீச்சல் வேண்டாம், ஓட்டப் பந்தயம் வேண்டாம். எந்த நாளுக்காகவும், யாருக்காகவும் பட்டினி கூடாது. பெரியவளானாலும் அந்த டின் பக்கம் போகவே கூடாது. இதெல்லாம் பார்த்துக்கிட்டா நல்லா வாழலாம்.”

கோதா தலையசைத்தாள். அழுகை வரவில்லை, கேட்டதையெல்லாம் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் இருந்தது. அப்போது வேதவதி கேட்டாள். குரல் தெளிவாக, ஏறக்குறைய அலுவலகத்தில் கேட்கிற கேள்வி மாதிரி இருந்தது.

“டாக்டர், அன்னிக்கு நீங்க கேட்டப்போ இதையெல்லாம் நான் சொல்லியிருந்தா, என் பிள்ளை இருந்திருப்பானா?”

ஷெர்லின் வேதவதியைப் பார்க்காமல் கோதாவைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்லலாமா என்று கேட்பதுபோல. பதில் என்னவென்று கோதாவுக்குத் தெரிந்திருந்தது. அதை இன்னொருவர் வாயால் சொல்லக் கேட்க, இந்த இரண்டு வாரங்களில் எத்தனையோ முறை ஆசைப்பட்டிருக்கிறாள். ஒரு தலையசைப்புப் போதும்.

“அம்மா,” என்றாள் கோதா, “குழந்தைக்குக் குளிர்றது பாருங்கோ. சட்டையைப் போட்டு விடுங்கோ.”

வேதவதி கட்டிலருகே போய், வகுளாவின் நெஞ்சில் ஒட்டியிருந்த பசையைப் பஞ்சால் துடைத்தாள். துடைத்த இடத்தில் கையை வைத்து, எடுக்காமல், அப்படியே நின்றாள். வகுளா பாட்டியின் கையை நகர்த்தப் பார்த்தாள், முடியவில்லை.

“விடு பாட்டி,” என்றாள், “எனக்குப் பசிக்கறது.”